வாரத்துக்கு ஒரு கதை: ஒன்றாம் வகுப்புக் கிறிஸ்தவப் பிள்ளைக்குப் பள்ளியும் வீடும் சேர்ந்து போடும் பாடத்திட்டம்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு வேதாகமக் கதை போதும். இதை ஒத்துக்கொள்ள எனக்குச் சில வருஷம் பிடித்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சின்னப் பிள்ளைகள் வகுப்பும் என் தலையில்தான். ஆரம்பத்தில் திங்கள் ஆதாம், செவ்வாய் நோவா, புதன் யோசேப்பு என்று நாளுக்கொரு கதை சொல்லி, ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு ஒரு வேலையும் கொடுத்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை கேட்டால் நோவாவின் பேழையில் யோசேப்பு ஏறி உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். ஒரு பையனின் அம்மா மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து, பிள்ளை தூங்கிய பிறகு தானே உட்கார்ந்து பேழைப் படத்துக்கு வண்ணம் தீட்டி அனுப்பியிருக்கிறார். யானைக்கு நிழலெல்லாம் விழுந்திருந்தது. அழகான படம். பையனுக்கு அதில் ஒரு கோடுகூடப் பங்கு இல்லை.

அப்புறம்தான் வேலையைப் பிரிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பென்சில் பள்ளிக்கூடத்துக்கு, வாயும் கையும் வீட்டுக்கு. எழுதுவது, எண்ணுவது, படிப்பது வகுப்பில் நடக்கட்டும். பேசுவது, தேடுவது, பிசைவது, ஜெபிப்பது வீட்டில் நடக்கட்டும். கீழே சொல்லப்போகும் திட்டம் முழுக்க இதை வைத்துத்தான் போகிறது. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். யார் முதலில் ஆரம்பித்தாலும் சரி.

வீட்டுப் பங்கு வீட்டுப்பாடம் ஆகிவிடக் கூடாது

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசும் அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. இந்த இரண்டு வகுப்புகளுக்கும் புத்தகப்பை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆகவே வேதபாடத்துக்கென்று தனி நோட்டு, தனி ஒர்க்‌ஷீட், தனி ஃபைல் என்று பையில் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போவது அரைத்தாள் ஒன்று மட்டும்.

வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். அதுவும் தனியாக ஒதுக்கிய பத்து நிமிஷமாக இருக்கக் கூடாது. சோறு போடும் நேரம், பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், மாவு பிசையும் நேரம், படுக்கும் முன் ஜெபம். இவை எப்படியும் நடக்கப்போகிறவை. கதையை அவற்றுக்குள் நுழைப்பதுதான் வேலை. “வா, உட்காரு, பைபிள் பாடம் படிக்கலாம்” என்று கூப்பிட்டால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கதையைத் தேர்ந்தெடுப்பது

இதைச் சனிக்கிழமை காலையில் செய்துவிடுவேன். பாடப்புத்தகத்தில் அடுத்த வாரம் எந்தப் பக்கங்கள் வருகின்றன என்று முதலில் பார்ப்பேன். தமிழில் எந்த எழுத்துகள், கணக்கில் எந்த எண், சூழ்நிலையியலில் எந்தத் தலைப்பு என்று குறித்துக்கொண்டு, பிறகுதான் வேதாகமத்தைத் திறப்பேன். பலர் தலைகீழாகச் செய்வார்கள். கதையை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்குள் பாடத்தை இழுத்துக் கட்டப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் புதன்கிழமை கணக்குப் பாடம் தனியாகத் தொங்கும்.

கதையில் மூன்று விஷயம் தேடுவேன்: கையால் தொடக்கூடிய ஒரு பொருள், எண்ணக்கூடிய ஓர் எண், பிள்ளை தன்னைப் போல நினைத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆள். மூன்றும் ஒரே கதையில் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் விடாதீர்கள். ஐந்து அப்பம், இரண்டு மீன் அப்படிப்பட்ட கதை. ஒரு பையனிடம் இருந்த அந்தச் சாப்பாட்டை வைத்து இயேசு 5,000 பேருக்குப் பசியாற்றினார், மீதியே 12 கூடை வந்தது. அப்பமும் மீனும் கூடையும் தொடலாம், 5ம் 2ம் 12ம் எண்ணலாம், நடுவில் ஒரு பையன் நிற்கிறான். இந்த அற்புதம் நான்கு நற்செய்தி நூல்களிலும் வருகிறது. ஆனால் அந்தப் பையன் யோவானில் மட்டும்தான் இருக்கிறான். ஒன்றாம் வகுப்புக்கு யோவான் 6ஆம் அதிகாரமே சரி.

ஆறு வயதுக்குத் தள்ளிப்போட வேண்டிய கதைகளும் உண்டு. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனது, எகிப்தின் தலைப்பிள்ளைகள் இறந்தது, காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்றது. இவை வேதாகமத்தில் இருக்கின்றன, ஒருநாள் பிள்ளை படிக்கத்தான் போகிறது. ஆனால் “எங்க அப்பாவும் என்னை அப்படிக் கூட்டிட்டுப் போவாரா?” என்று ராத்திரி கேட்கிற வயதில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சில போதகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அரைத்தாளில் என்ன எழுதுவது

ஒரு நோட்டுத் தாளைப் பாதியாகக் கிழித்தால் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவுதான். திங்கள்கிழமை மாலை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அந்த வாரத்துக்கு நான் அனுப்பியது இது:

கதை: ஐந்து அப்பம், இரண்டு மீன் (யோவான் 6:1-13)
வகுப்பில்: மீன், கூடை, அப்பம். 5 + 2. நாம் சாப்பிடும் தானியங்கள்.
வீட்டில்: திங்கள், சாப்பிடும்போது கதையைச் சொல்லச் சொல்லுங்கள். செவ்வாய், பஸ் போர்டில் “கூ” தேடுங்கள். புதன், புளியங்கொட்டை ஏழு. வியாழன், மாவு பிசைய விடுங்கள். வெள்ளி, ஒன்றும் வேண்டாம்.
வசனம்: இங்கே ஒரு பையன் இருக்கிறான்.

இதற்கு மேல் ஒரு வரி எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், நானும் போடுகிறேன். ஆனால் போன் அப்பா கையோடு ஓசூர் ஃபேக்டரிக்குப் போய்விடும் வீடுகள் நிறைய. பிள்ளையோடு சாயங்காலம் இருப்பது ஆயாதான். அரைத்தாள் ஆயாவின் சாமி அலமாரியிலோ கதவு இடுக்கிலோ இருக்கும். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பெண் படித்துச் சொல்வாள். நடந்திருக்கிறது.

எந்த வேதாகமம், எந்த வார்த்தை

பெரியவர்கள் யாரும் கவனிக்காத சிக்கல் இது. தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இரண்டு விதமான வேத வார்த்தைகள் இருக்கின்றன. சீர்திருத்த சபைகள் பரிசுத்த வேதாகமம் என்ற பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கின்றன. கத்தோலிக்கர்கள் 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தை வாசிக்கிறார்கள். ஒரு வகுப்பில் இரண்டு வகைக் குடும்பங்களும் இருக்கும். இங்கே கத்தோலிக்கக் குடும்பங்கள் 1997இல் உருவான தர்மபுரி மறைமாவட்டத்துக்குள் வருகின்றன. அந்த மறைமாவட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தது. தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

23ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்.” பக்கத்து வீட்டில் அதே வரி “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.” ஒரு வீட்டில் ஆதியாகமம், இன்னொரு வீட்டில் தொடக்க நூல். சகேயு அங்கே சக்கேயு. ஒருவர் ஜெபம் என்று எழுதுவார், ஒருவர் செபம் என்று எழுதுவார். “செ” இப்போதுதான் படித்த பிள்ளைக்கு “ஜெ” எங்கிருந்து வந்தது என்று புரியாது. பெரியவருக்கு இரண்டும் ஒன்று. ஆறு வயதில் அவை இரண்டு வேறு வசனங்கள். வகுப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று சொன்னால் பிள்ளை தான்தான் தப்பு செய்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும்.

நான் செய்வது இதுதான். ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கும்போதே வீட்டில் எந்த வேதாகமம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வேன். கதையை வகுப்பில் என் வார்த்தையில் சொல்வேன், எந்த மொழிபெயர்ப்பின் வார்த்தையிலும் சொல்லமாட்டேன். மனப்பாட வசனம் மட்டும் அவரவர் வீட்டு வேதாகமத்தில் இருந்து. “இங்கே ஒரு பையன் இருக்கிறான்” என்பதைக் கத்தோலிக்கப் பிள்ளைகள் “இங்கே சிறுவன் ஒருவன் இருக்கிறான்” என்று சொல்வார்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்கும்போது வகுப்பே சிரிக்கும், இரண்டும் எல்லோருக்கும் வந்துவிடும்.

வசனத்தை இவ்வளவு சின்னதாக வெட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 23ஆம் சங்கீதத்தை முழுசாக ஒப்பித்த ஒரு பெண் குழந்தை, முடித்தவுடன் என் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: “மிஸ், தாழ்ச்சியடைன்னா எந்த மாவுல சுடுறது?” அவள் வீட்டில் வாரம் இரண்டு நாள் கேழ்வரகு அடை. அவள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருஷமாக அவள் கர்த்தரோடு அடையையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வசனம் கொடுப்பதில்லை, கொடுத்த ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்காமல் விடுவதும் இல்லை.

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அங்கே பல வீடுகளில் பேச்சு தெலுங்கிலோ கன்னடத்திலோ நடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கதையைத் தமிழில்தான் திரும்பச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவ்வாவிடம் தெலுங்கில் சொல்லட்டும், அஜ்ஜியிடம் கன்னடத்தில் சொல்லட்டும். கதை முதலில் வீட்டு மொழியில் பிள்ளைக்குச் சொந்தமாகிவிட்டால், மறுநாள் வகுப்பில் தமிழ்ச் சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கன்னட வீட்டுப் பிள்ளைக்கு மீனு எப்படியும் மீன்தான். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்குத்தான் சேப என்பதிலிருந்து மீனுக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள்

என் வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், சிலர் முஸ்லிம் பிள்ளைகள். அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், சமயப் போதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சிறு பிள்ளையாக இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு விடாமல், வருஷ ஆரம்பத்தில் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நடைமுறையில் நான் இப்படிப் பிரிக்கிறேன். மீன், கூடை, புளியங்கொட்டை, தானியம் ஆகியவை தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் பீரியடுக்கு உரியவை. அவற்றில் சமயம் இல்லை, எல்லோருக்கும் பொது. வேதக்கதை, வசனம், ஜெபம் மூன்றும் வேதபாட பீரியடுக்குள் மட்டும். அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. அரைத்தாளும் கிறிஸ்தவ வீடுகளுக்கு மட்டும் போகும். இதில் கொஞ்சம் அசட்டையாக இருந்தால் பிறகு யாருக்கும் நிம்மதி இருக்காது.

திங்கள்

வகுப்பில் புத்தகத்தைத் திறக்காமல் கதை சொல்லுங்கள். பத்து நிமிஷம் போதும். 5,000 பேர் என்று சொல்வதில் பயன் இல்லை. நூறே அவர்களுக்குத் தூரத்து ஊர். “மாங்கனிக் கண்காட்சிக்குப் போனீங்களே, அவ்வளவு கூட்டம்” என்றால் கண் விரியும். தர்மபுரிப் பக்கம் என்றால் ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல் கூட்டத்தைச் சொல்லலாம். அந்தக் கூட்டத்துக்கே பசி, பக்கத்தில் கடை இல்லை, ஒரு பையன் தூக்குச்சட்டியோடு நிற்கிறான். அங்கே நிறுத்திவிட்டு, “நீங்களா இருந்தா குடுப்பீங்களா?” என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும். ஒரு பையன் “மீனைக் குடுத்துருவேன், அப்பத்தைக் குடுக்கமாட்டேன்” என்றான். அவனைத் திருத்தவில்லை. செவ்வாய்க்கிழமை அவனே மாற்றிக்கொண்டான், வியாழக்கிழமை மறுபடி பழைய கட்சிக்கே போனான்.

வீட்டில் சாப்பிடும்போது கதையைச் சொல்லச் சொல்லுங்கள். “இன்னைக்கு என்ன படிச்சே?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். “அந்தப் பையன் சட்டியில என்ன இருந்துச்சு?” என்று கேளுங்கள். பிள்ளை தப்பாகச் சொன்னாலும் நடுவில் திருத்தாதீர்கள். முடிந்த பிறகு, “நான் ஒரு தடவை சொல்லட்டுமா?” என்று கேட்டு, யோவான் 6இலிருந்து வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையே “அய்யோ, நான் மூணு மீன்னு சொல்லிட்டேன்” என்று கண்டுபிடிக்கும்.

செவ்வாய்

எழுத்து நாள். வகுப்பில் மீன், கூடை, அப்பம் என்ற மூன்று சொற்கள். மீனில் நெடில் “மீ”, கூடையில் நெடில் “கூ”, அப்பத்தில் ஒற்று. மணலில் விரலால், சிலேட்டில், பிறகு நோட்டில், இந்த வரிசையில். அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் போல, பாட்டு, அட்டை, கையில் பொருள் என்று நடத்தினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வீட்டுப் பங்கு பஸ் நிறுத்தத்தில். நம் ஊர்களின் பெயர்களே எழுத்துப் பயிற்சிப் புத்தகம்தான். பர்கூர் போர்டில் “கூ” இருக்கிறது, கூடையின் அதே “கூ.” ஓசூரில் “சூ”, அரூரில் “ரூ.” ஒரே ஊகாரக் கொம்பு எப்படி எழுத்துக்கு எழுத்து வேஷம் மாறுகிறது என்பதைக் கரும்பலகையில் விளக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். ரவுண்டானாவில் நின்றால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பஸ்ஸில் போகாத குடும்பம் என்றால் ரேஷன் கடைப் பலகை, ஆலயத்தின் அறிவிப்புப் பலகை, பிஸ்கட் கவர் எதுவும் சரி. வீட்டில் எழுத வைக்காதீர்கள். கண்டுபிடித்துக் காட்டினால் போதும்.

புதன்

வகுப்பில் ஆளுக்கு ஏழு புளியங்கொட்டை. நம் பக்கத்தில் புளியங்கொட்டைக்கா பஞ்சம். ஐந்தை ஒரு பக்கமும் இரண்டை ஒரு பக்கமும் வைத்து 5 + 2 = 7. இதோடு நிறுத்திவிடும் ஆசிரியர்கள் நிறையப் பேர். உண்மையான கணக்கு இதற்குப் பிறகுதான். அதே ஏழை 4ம் 3மாகப் பிரி, 6ம் 1மாகப் பிரி, கலைத்துவிட்டு மறுபடி எண்ணு. எப்படிப் பிரித்தாலும் ஏழு ஏழுதான் என்று பிள்ளை சொந்தமாகப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இது எப்போதோ தெரிந்துபோன விஷயம். ஒன்றாம் வகுப்பில் இது ஒரு கண்டுபிடிப்பு. சில பிள்ளைகள் நகர்த்தி வைத்ததும் ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். எண்ணட்டும். அவசரப்படுத்தினால் விரலை மறைத்துக்கொண்டு எண்ணக் கற்றுக்கொள்வார்கள்.

மீதி எடுத்த 12 கூடைக்கு, பத்துக் கொட்டையை ஒரு கட்டாகவும் இரண்டைத் தனியாகவும் வையுங்கள். 10ம் 2ம் 12. பத்துக் கட்டு என்ற யோசனை இங்கே விழுந்துவிட்டால் வருஷக் கடைசிவரை உதவும்.

வீட்டில் அதே ஏழு கொட்டையை வைத்து ஒரு விளையாட்டு. ஏழையும் எண்ணிக் காட்டிவிட்டு, சிலதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு மீதியைத் தரையில் போடுங்கள். மூடின கையில் எத்தனை? கழித்தல் என்ற வார்த்தையே சொல்லாமல் கழித்தல் நடந்துவிடும். அண்ணன், அக்காக்கள் இதில் உற்சாகமாகச் சேருவார்கள். ஏமாற்றவும் செய்வார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் விளையாடி முடித்ததும் கொட்டையை எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

வியாழன்

எனக்கு மிகப் பிடித்த நாள். அந்தப் பையன் கொண்டுவந்தது வாற்கோதுமை அப்பம். கோதுமை வாங்க வசதி இல்லாதவர்கள் அன்றைக்குச் சாப்பிட்டது வாற்கோதுமை. நம் பக்கம் அதைப் புரிய வைப்பது சுலபம். “நெல்லுச்சோறு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான், மத்த நாள் களிதான்” என்று சொல்லும் ஆயா ஏதாவது ஒரு வீட்டில் இன்னும் இருப்பார். அந்தப் பையன் கையில் இருந்தது நம் ஊர்க் கேழ்வரகுக் களி போல ஒன்று. அதை வைத்துத்தான் இயேசு அத்தனை பேருக்கும் பந்தி போட்டார். இப்படிச் சொன்ன வருஷம் களி பிடிக்காத ஒரு பெண் “அப்ப நம்ம களியும் அவருக்குப் பிடிக்குமா?” என்று கேட்டாள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வகுப்பில் கேழ்வரகு, சாமை, சோளம், அரிசி, கோதுமை ஐந்தையும் சின்னக் கிண்ணங்களில் வைத்து, தொட்டுப் பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு மீதியைப் பற்றிப் பேசுங்கள். ஒன்றும் வீணாகாமல் துணிக்கைகளைச் சேர்த்து வைக்கும்படி இயேசு சொன்னது யோவானில் 12ஆம் வசனம். எங்களைப் போன்ற ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் காலை உணவுத் திட்டம் வந்தது. அதனால் இந்தப் பாடத்துக்குத் தட்டுகள் கைவசம் இருக்கின்றன. காலையில் கிச்சடி எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கொட்டினோம் என்று பிள்ளைகளே பார்ப்பார்கள். ஒன்றை மறக்க வேண்டாம். மீதி வைத்த பிள்ளையைக் கதையைக் காட்டித் திட்டக் கூடாது. “வேணும்கிறதை மட்டும் வாங்கு” என்று சொன்னால் போதும்.

வீட்டில் மாவு பிசைய விடுங்கள். சப்பாத்தி மாவோ அடை மாவோ, எது நடக்கிறதோ அது. களி உருட்டச் சொல்ல வேண்டாம், சூடு தாங்காது. பிசைந்த மாவில் ஐந்து உருண்டை பிள்ளையே உருட்டட்டும். ஐந்தும் ஐந்து அளவில் இருக்கும். அப்படியே சுட்டுப் போடுங்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் இருப்பவர்கள் அன்றைக்கு மீனும் வாங்கினால் கதை முழுசாகிவிடும். ஆனால் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

வெள்ளி

வகுப்பில் நடித்துக் காட்டுவது, வசனம் சொல்வது, ஒரு படம். எல்லோருக்கும் இயேசுவாக வேண்டும், யாருக்கும் கூட்டமாக வேண்டாம். ஆகவே நான் அந்தப் பையனாக மட்டும் எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்புக் கொடுப்பேன். படத்தில் கோணல்மாணல் இருக்கட்டும். வீட்டுக்கு வேலை இல்லை. வேண்டாம் என்று அரைத்தாளில் எழுதியே அனுப்புவதற்குக் காரணம் உண்டு. எழுதாவிட்டால் சில அப்பாக்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளையை நிற்கவைத்து வாரம் முழுவதையும் ஒப்பிக்கச் சொல்வார்கள்.

ஞாயிறு

ஞாயிறு வகுப்பு ஆசிரியருக்கு, கத்தோலிக்கர் என்றால் மறைக்கல்வி ஆசிரியருக்கு, இந்த வாரம் பள்ளியில் எந்தக் கதை என்பது தெரிந்தால் நல்லது. அவரை நம் திட்டத்துக்கு மாறச் சொல்லக் கூடாது. அவருக்கென்று பாடத்திட்டம் இருக்கும். சொல்லி வைத்தால் போதும். “அந்தப் பையன் கதை தெரியுமா?” என்று அவர் ஒரு வரி கேட்டாலே பிள்ளைக்குத் தலைகால் புரியாது. காணிக்கைப் பை வரும்போது பிள்ளை கையில் ஒரு நாணயத்தைக் கொடுத்து அதையே போடச் சொல்லுங்கள். கதையின் பெயரை அங்கே சொல்ல வேண்டாம். தானாக நினைவு வந்தால் வரட்டும்.

வாரம் சறுக்கும்போது

சறுக்கும். காய்ச்சல், மழை லீவு, ஊர்த் திருவிழா, ஆசிரியர் பயிற்சி என்று ஏதாவது ஒன்று வரும். விட்டதைப் பிடிக்க வியாழக்கிழமை இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்யாதீர்கள். விட்ட நாளை விட்டுவிட்டு அன்றைக்கான வேலையைச் செய்யுங்கள். திங்கள்கிழமை கதை மட்டும் விலக்கு. அது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது. திங்கள் போனால் செவ்வாயைத் திங்கள் ஆக்குங்கள். இரண்டு நாளுக்கு மேல் போய்விட்டால் அதே கதையை அடுத்த வாரம் முதலிலிருந்து எடுங்கள். பிள்ளைகள் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே கதையை நூறு தடவை கேட்கும் வயது.

பெற்றோர் இருவரும் ஷிஃப்ட் வேலை என்றால் வீட்டுப் பங்கைத் திங்கள், வியாழன் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கதை கேட்பது, மாவு பிசைவது. மற்றதை நான் வகுப்பிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று பெற்றோரிடம் நேரில் சொல்லிவிடுவேன். அரைத்தாளில் அடித்துக் கொடுத்தால் தங்கள் பிள்ளைக்குக் குறைத்துவிட்டதாக நினைப்பார்கள்.

பிள்ளைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்க்கத் தேர்வு வேண்டாம். அடுத்த திங்கள் காலை, போன வாரக் கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள்: “அந்தப் பொண்ணு மூணு அப்பம் கொண்டாந்தாளா...” வகுப்பே எழுந்து நின்று கத்தினால் போய்ச் சேர்ந்துவிட்டது. யார் கத்தவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருஷத்தில் எங்கே எந்தக் கதை

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலைநாள் என்கிறது 2009இன் கல்வி உரிமைச் சட்டம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 40 வாரம். தேர்வு, திருவிழா வாரங்களைக் கழித்து 30 கதைக்குத் திட்டம் போடுங்கள். அதுவே அதிகம். கிறிஸ்துமஸ் கதையை நவம்பர் கடைசியில், திருவருகைக் காலம் தொடங்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் கேரல் பயிற்சியும் சேர்ந்துகொள்ளும். ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25க்குள் எங்கும் விழும். சில வருஷம் ஆண்டுத் தேர்வோடு மோதும். ஜூனிலேயே காலண்டரைப் பார்த்து அந்த வாரத்தைக் காலியாக வையுங்கள்.

எழுத்துகள் ஓரளவு வந்த பிறகு, அதாவது இரண்டாம் பருவத்தில், காணாமல் போன காசு (லூக்கா 15:8-10) நன்றாக வரும். பத்தில் ஒன்று போனால் ஒன்பது, விளக்கு, துடைப்பம். வகுப்பறையைப் பெருக்கும் வேலையும் அன்றைக்கு முடிந்துவிடும். சகேயுவை மாங்காய்க் காலத்துக்கு வைத்திருங்கள். அவன் ஏறியது காட்டத்தி மரம், மாமரம் இல்லை என்று சொல்லத்தான் சொல்வேன். பிள்ளைகள் வரைவது எப்போதும் மாமரம்தான், அதுவும் கிளிமூக்கு மாங்காய் தொங்கும் மரம்.

கடுகு விதைக் கதைக்கு ஒரு மாதம் முன்பே கொட்டாங்குச்சியில் மண் போட்டுக் கடுகு தூவிவிடுங்கள். மூன்று, நான்கு நாளில் முளைக்கும். நான் ஒரு வருஷம் திங்கள்கிழமை தூவி வெள்ளிக்கிழமைக்குள் மரம் வேண்டும் என்று நின்ற இருபது பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டேன்.